சாட்சிக்குப் பிறகு கேசரி

செல்வாம்பாளுக்குக் கேசரியைக் கண்டாலே பயம் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஆனால் மாதக் கடைசி ஞாயிறு வந்தால், நெல்லித்தோப்பு மாடி சபையில் ஆராதனை முடிந்ததும் முதல் கிண்ணம் அவள் கைக்குத்தான் வரும். நெய் மினுக்கும் கேசரி, மேலே இரண்டு முந்திரி. சகோதரிகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். சர்க்கரை வியாதி இருந்த இடம் தெரியாமல் போனவள் இனிப்புச் சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்தால் விசுவாசம் வளருமாம். விசுவாசம் வளர்ந்ததோ இல்லையோ, செல்வாம்பாளின் சர்க்கரை நன்றாகவே வளர்ந்தது.

நடந்தது இதுதான். போன ஆகஸ்டில் சபை மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தது. செல்வாம்பாள் வெறும் தண்ணீரோடு மூன்று நாளும் உட்கார்ந்தாள். மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. நாலாம் நாள் காலையில் ரத்தம் கொடுத்துப் பார்த்தால் தொண்ணூற்று நாலு. பட்டினி கிடந்து மாத்திரையும் போட்டால் யாருக்குத்தான் இறங்காது? அது அவளுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் சபையில் சாட்சி சொல்ல மைக்கைக் கையில் வாங்கியதும் அழுகை முந்திக்கொண்டது. ஆண்டவர் என் சர்க்கரையை எடுத்துப் போட்டுவிட்டார் என்று சொல்லிவிட்டாள். அந்த நிமிஷத்தில் அவள் அதை நம்பினாள், பாவம்.

பதினைந்தாம் நாள் பார்த்தபோது இருநூற்று அறுபது. பாஸ்டர் கலைவாணனிடம் ஓடினாள். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம். அவள் புருஷன் பக்கிரி ஆட்டோ கவிழ்ந்து கால் ஒடிந்து கிடந்தபோது இருபது நாள் ஆஸ்பத்திரிக்குச் சோறு சுமந்தவர் அவர். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மடித்து அவளிடமே கொடுத்தார். கண்ணில் படுவது பிசாசின் பொய், சுகமானேன் என்று வாயால் அறிக்கை செய்ததை மாற்றாதீர்கள், மாற்றினால் பெற்ற சுகமும் போய்விடும் என்றார். மனசார நம்பித்தான் சொன்னார்.

அன்றோடு கதவு சாத்திக்கொண்டது. வியாதி இருக்கிறது என்றால் அவிசுவாசம், இல்லை என்றால் பொய். இதற்கு நடுவில் மாடிப்படியில் அவள் போட்டோ போட்டு ஒரு பேனர் வேறு கட்டிவிட்டார்கள். கூப்பிய கையோடு அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். மாத்திரை அட்டையை பைபிளின் ஜிப் உறைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டாள். வேதத்தை யாரும் சோதனை போட மாட்டார்கள் அல்லவா. அவளை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டாலும் சபை மாடி ஏறாத பக்கிரிக்கு மட்டும் இது தெரியும். உன் ஆண்டவரும் மாத்திரையும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள், சண்டை வராமல் பார்த்துக்கொள் என்று கேலி செய்வான். அவளுக்குச் சிரிப்பு வராது.

ஈஸ்டர் கழிந்த மறு ஞாயிறு படியேறிக்கொண்டிருந்தவளைக் கார்குழலி பிடித்துக்கொண்டாள். உப்பளம் பகுதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற பெண். பதினைந்து வயதிலிருந்து தினமும் இன்சுலின் ஊசி போடுகிறவள், சபைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. உதடு வெடித்திருந்தது. தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"வியாழக்கெழமையிலேர்ந்து ஊசிய நிறுத்திட்டேன்க்கா. ஒங்க சாட்சிதான் தைரியம் குடுத்துச்சு."

செல்வாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். "ஒன்னுது வேற சக்கரைடி. மொதல்ல போய் ஊசியப் போடு."

"நீங்க ஒண்ணும் போடலியேக்கா?" என்று கார்குழலி வெள்ளந்தியாகக் கேட்டாள். பின்னால் நாலு பேர் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே ஏறி வந்தார்கள். செல்வாம்பாள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அதற்காகத் தன்னையே வெறுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அன்றைக்குப் பிரசங்கம் தோமாவைப் பற்றி. உயிர்த்தெழுந்த ஆண்டவரின் காயத்தைப் பார்த்துத்தான் நம்புவேன் என்று அடம்பிடித்த அந்தச் சீடனைப் பாஸ்டர் காய்ச்சிக்கொண்டிருந்தார். செல்வாம்பாள் காதில் வேறொன்று விழுந்தது. சாவையே ஜெயித்து எழுந்தவர் கையில் ஆணி அடித்த காயம் அப்படியே இருந்திருக்கிறது. ஆற்றிக்கொள்ளவில்லை, மறைத்துக்கொள்ளவும் இல்லை. கேட்டவனிடம் கையை நீட்டியிருக்கிறார். அவருக்குக் காயம் இருக்கலாம், எனக்குச் சர்க்கரை இருக்கக் கூடாதா? இத்தனை வருஷமாக இதே அதிகாரத்தை எத்தனை தடவை வாசித்திருக்கிறோம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போது பின்வரிசையில் கார்குழலி வாந்தி எடுத்தாள். மூச்சு வேகமாக வாங்கியது. சகோதரிகள் பதறவில்லை, சந்தோஷப்பட்டார்கள். பிசாசின் கட்டு அறுகிறது, விடுதலை வருகிறது என்று அவள் தலையில் கை வைத்து உரக்க ஜெபிக்க ஆரம்பித்தார்கள். கீபோர்டுக்காரர் சத்தத்தைக் கூட்டினார். பாஸ்டர் முகம் மலர்ந்து, சாட்சி சொல்ல வாருங்கள் சிஸ்டர் என்று செல்வாம்பாளிடம் மைக்கை நீட்டினார்.

எழுந்து போய் மைக்கை வாங்கினாள். பைபிளின் ஜிப்பை இழுத்தாள். மாத்திரை அட்டையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

"எனக்குச் சக்கரை இருக்குது. போவவே இல்ல. எட்டு மாசமா ஒங்ககிட்ட பொய் சொன்னேன். தெனம் ரெண்டு வேளை இதத்தான் முழுங்குறேன். அந்தப் பொண்ணுக்கு வர்றது விடுதலை இல்ல, ஊசி போடாம வர்ற வாந்தி. கையை எடுங்க, அவள விடுங்க."

கீபோர்டு நின்றது. மைக்கைப் பிடுங்க வந்த பாஸ்டரின் கை பாதியில் நின்றது. சுகத்தையும் கெடுத்து சபையையும் கெடுத்தாயே என்பது போல ஐம்பது முகங்கள் அவளைப் பார்த்தன. அவள் கார்குழலியின் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினாள். கனத்தது. மாடிப்படிக்கு வந்தபோது மறுபக்கத் தோளை யாரோ தாங்கினார்கள். பாஸ்டர். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பேனரில் சிரிக்கிற செல்வாம்பாளைத் தாண்டி மூன்று பேரும் இறங்கினார்கள்.

கீழே பக்கிரி ஆட்டோவோடு காத்திருந்தான். பெரியாஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள். பாஸ்டர் முன்சீட்டில் அவனோடு ஒண்டிக்கொண்டார். ஆட்டோ திரும்பும்போது கார்குழலி கண்ணைத் திறந்து, குழறிக் குழறிக் கேட்டாள்.

"அப்ப ஆண்டவர் ஒங்கள சொகமாக்கலியாக்கா?"

முன்சீட்டில் பாஸ்டரின் தலை அசையாமல் இருந்தது. செல்வாம்பாள் தன் முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாள்.

"ஆக்கலடி" என்றாள். "ஆனா இன்னைக்குத்தான் அவர்கிட்ட பொய் சொல்லாம பேசுறேன். நீ கண்ண மூடாத."