நாலு பேர் குணமாக்கிய முட்டி

சிவரஞ்சனியின் வலது முட்டி வலிக்க ஆரம்பித்தது மாசி மாதத்தில். வேறு எந்த வருஷத்து மாசியாக இருந்தாலும் பரவாயில்லை. போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் மூன்றாவது முயற்சியில் பாஸாகி, உடற்தகுதித் தேர்வுக்காகக் குன்றாண்டார்கோவில் பக்கத்து மைதானத்தில் அவள் நீளம் தாண்டிப் பழகிக்கொண்டிருந்த நேரம் அது. தேர்வு வைகாசியில். ஆனி பிறந்தால் அவளுக்கு வயது வரம்பு முடிந்துவிடும். அதற்கப்புறம் தேர்ச்சிக்கு வேண்டிய மூன்று மீட்டர் என்ன, மலையையே தாண்டினாலும் யாரும் கூப்பிடப் போவதில்லை.

ஓடிவந்து எம்புகிற கால் வலது கால்தான். முட்டிச் சில்லுக்குக் கீழே, ஒரு விரல் அகலத்துக்கு ஓர் இடம்; அதை அழுத்தினால் உயிர் போய் உயிர் வரும். படி இறங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நம் பக்கத்தில் நோயாளிக்குப் பஞ்சம் வரலாம், வைத்தியருக்கு வராது. முதலில் வந்து சேர்ந்தவர் வீரய்யா, அவள் அம்மா பொன்னுத்தாயின் அண்ணன். எதிர்வீடு. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பேர் வாங்கியவர். முட்டை வெள்ளையில் உளுத்தமாவைக் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் பத்தை வைத்து முட்டியை இறுக்கிக் கட்டினார்.

“மூணு கட்டு. கட்டுக்கு ஏழு நாளு. அதுவரைக்கும் முட்டியை மடக்கவே கூடாது. மடக்குனா எங்கிட்ட வராத,” என்றார்.

இரண்டு கட்டுவரை பொறுத்தாள். படுத்தே கிடந்ததில் வலி இல்லை என்பது உண்மைதான். படுத்தே கிடந்தால் யாருக்குத்தான் வலிக்கும்? கட்டைப் பிரித்ததும் தொடை இளைத்திருந்தது. ஒரு தரம் எம்பிப் பார்த்தாள், வலி வட்டியோடு வந்தது.

அடுத்து டவுனில் ஒரு டாக்டர். முட்டியில் ஊசி போட்டால் மூன்றே நாளில் வலி ஓடிவிடும் என்றார். ஆனால் மனுஷர் நேர்மையானவர், அதோடு நிறுத்தவில்லை. “வலிதாம்மா போகும். உள்ள இருக்க நார் வீக்காயிரும். போட்ட கையோட தாண்டுனா அது ஒங்க ரிஸ்க்,” என்றார். சிவரஞ்சனிக்கு உடனே கார்த்திகாவின் ஞாபகம் வந்தது. போன வருஷம் அவளோடு மைதானத்தில் தாண்டிப் பழகியவள். ஊசி போட்டுக்கொண்டு தாண்டி வேலையும் வாங்கிவிட்டாள். பயிற்சிக்குப் போன இரண்டாம் மாதம் அந்த நார் கிழிந்து, இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள்.

மூன்றாவது, புதுக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் வனிதா. அவர் சொன்னது மாமா சொன்னதற்கு நேர் எதிர்.

“இது எலும்பு இல்லைங்க, தசைநார். கட்டிப் போட்டா இளைச்சுத்தான் போகும். பாரம் குடுத்தாத்தான் உரம் ஏறும். தோள்ல பாரத்தை வச்சுக்கிட்டு மெதுவா உக்காரணும், மெதுவா எந்திரிக்கணும், ஒருநாள் விட்டு ஒருநாள். பத்துக்கு மூணு நாலு அளவுக்கு வலிச்சாப் பயப்படாதீங்க. அதுக்கு மேல போனா பாரத்தைக் கொறைங்க.”

“எத்தனை நாள்ல தாண்டலாம் மேடம்?”

“பன்னெண்டு வாரம்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். தேர்வுக்குச் சரியாகப் பன்னிரண்டு வாரம் இருந்தது. ஒருவர் மடக்காதே என்கிறார், ஒருவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மடக்கு என்கிறார், ஒருவர் ஊசியைக் காட்டுகிறார். மூன்றிலும் அவளுக்குப் புரிகிற மாதிரி காரணம் சொன்னது வனிதாதான். அதையே பிடித்துக்கொண்டாள்.

ஆனால் மாமாவிடம் யார் சொல்வது? அவர் கட்டிய கால் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆகவே விடிவதற்கு முன்னால், வீட்டுக்குப் பின்னால் வைக்கோல்போர் மறைவில், இருபது கிலோ நெல்லைச் சாக்கில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தாள். மாமா வீட்டுக்கு வந்தால் முட்டியில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, மடக்காமல் நொண்டினாள். தன் வீட்டில் தன் காலோடு திருட்டுத்தனமாக வாழ வேண்டியிருந்தது.

எட்டாவது வாரம் மூட்டை நாற்பது கிலோவானது, வலி பத்துக்கு மூன்றாகக் குறைந்தது. மணலில் தாண்டிப் பார்த்தாள். மூன்று மீட்டர் கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தாள். சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடியே வந்தாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

“என் கட்டு பேசுதுல்ல,” என்றார் வீரய்யா.

பொன்னுத்தாய் அவரைவிட ஒரு படி மேலே போனாள். பங்குனியிலேயே மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாளாம், முட்டி சரியானால் மகள் காப்புக் கட்டிப் பால்குடம் எடுப்பாள் என்று. “ஆத்தா கேட்டதைக் குடுத்துட்டா. நாம குடுக்கணும்ல,” என்றாள்.

தேர்வு மூன்று வாரம் தள்ளித்தானே என்று சிவரஞ்சனியும் தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை, பூசாரி மூக்கன் மஞ்சள் கிழங்கு வைத்த கயிற்றை அவள் மணிக்கட்டில் கட்டினார். அந்த ஊரில் காப்புக் கட்டியவர்கள் எட்டு நாளைக்கு எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊருக்கே அம்மை போடும் என்பது நம்பிக்கை.

செவ்வாய்க்கிழமை செல்போனில் மெசேஜ் வந்தது. நிர்வாகக் காரணங்களால் தேர்வு முன்னதாக நடக்கிறது. வியாழக்கிழமை, காலை ஆறு மணி, திருச்சி மைதானம். வேறு தேதி கிடையாது.

சிவரஞ்சனி அதை நாலு தடவை படித்தாள். முட்டி வலித்திருந்தால் இந்தக் கயிறு கையில் ஏறியிருக்காது. குணமானதுதான் குற்றமாகிப் போயிற்று.

“காப்போட எல்லை தாண்டுறதா? போன தடவை ஒருத்தன் தாண்டி நாலு பிள்ளைகளுக்கு அம்மை வாத்துச்சு. மறந்துட்டீங்களா?” என்றார் வீரய்யா.

பொன்னுத்தாய் அன்று முழுக்க அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

சிவரஞ்சனி கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றுக்கு அடியில் கொடுத்தும் பார்த்தாள். வெட்ட முடியவில்லை. ஆத்தா மேல் அவளுக்குப் பயம் கொஞ்சம்தான். ஆனால் நாளைக்கு எவர் வீட்டுப் பிள்ளைக்காவது ஒரு கொப்புளம் கிளம்பினால், அம்மா அந்தத் தெருவில் தண்ணீர் பிடிக்கக்கூடப் போக முடியாது. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அதன் கஷ்டம் அன்றைக்குத்தான் தெரிந்தது. கோபத்தில் அழுதாள்.

புதன்கிழமை மத்தியானம் பொன்னுத்தாய் வந்து நின்றாள். “சர்ட்டிபிகேட், துணிமணி எல்லாத்தையும் பையில வையி. கோயிலுக்கு வா,” என்றாள்.

கோயில் பந்தலுக்குப் பத்தடி முன்னாலேயே மகளை நிறுத்திவிட்டு மூக்கனைக் கூப்பிட்டாள்.

“பூசாரி, பிள்ளை வீட்டுக்குத் தூரமாயிருச்சு.”

சிவரஞ்சனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மாதவிடாய் முடிந்து தலை குளித்தே பத்து நாள்தான் ஆகிறது. சீயக்காய் அரைத்துக் கொடுத்ததே அம்மாதான்.

மூக்கன் இரண்டடி பின்னால் போனார். “தீட்டோட காப்பு ஆகாதே தாயி. நான் தொட முடியாது, நீயே அவுத்து ஒன் கையில கட்டிக்க. பால்குடத்தையும் நீயே எடு. பிள்ளை பொழுது சாயுறதுக்குள்ள எல்லைக்கு அங்கிட்டுப் போயிரணும். திருவிழா முடிஞ்சுதான் உள்ள வரணும்.”

அம்மா முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள்.

எல்லைக்கல்வரை இருவரும் நடந்தார்கள். அங்கே பொன்னுத்தாய் நின்றுவிட்டாள். இப்போது காப்பு அவள் கையில்.

“குளத்தூர்ல சித்தி வீட்டுக்குப் போயிரு. விடியிறதுக்கு முன்னாடியே அங்கிருந்து திருச்சிக்கு பஸ் ஏறு. பொய் சொன்னது நானு, பாவம் எனக்குத்தான். நீ எதையும் நெனைக்காம தாண்டு.”

“அம்மா…”

“ஒன் முட்டி எதனால சரியாச்சுன்னு எனக்குத் தெரியும்டி. வெள்ளென எந்திரிச்சு மூட்டையைத் தூக்கிட்டு நீ பல்லைக் கடிச்சதை நெதமும் சன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அது ஒன் பாடு. அது வீணாப் போகக் கூடாது.”

ஒன்பது வாரத்தில் யாரும் சொல்லாத சொல் அது. பஸ்ஸில் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை முட்டி பத்துக்கு நாலு வலித்தது. பயப்படவில்லை. ஓடிவந்து எம்பினாள். மூன்று மீட்டர் இருபது. சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இருந்தது. வெளியே வந்து, காலையில் வாசலில் வாங்கிவைத்த செல்போனைத் திரும்பப் பெற்றதும் அம்மாவைக் கூப்பிட்டாள்.

“தேறிட்டேன்மா.”

“நல்லதும்மா,” என்ற குரலில் உயிரே இல்லை. “நேத்துலேர்ந்து ஒரு வாய் தண்ணி எறங்கல சிவா. ஆத்தா முன்னாடி நின்னு பொய் சொல்லிப்புட்டேன். வர்ற ஞாயித்துக்கெழமை எந்தக் கையால அந்தக் குடத்தைத் தூக்குவேன்?” என்று அழுதாள்.

சிவரஞ்சனி சாலையோரம் நின்றாள். அவளுக்கு நாள் வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

“நீ பொய் சொல்லலம்மா. ராத்திரி சித்தி வீட்டுக்குப் போனதும் நெசமாவே வந்திருச்சு.”

அந்தப் பக்கம் பொன்னுத்தாய் நீளமாக மூச்சு விட்டது கேட்டது.

“அப்ப அவதான் ஒன்னைய எல்லைக்கு வெளிய அனுப்பியிருக்கா. தாயே. முட்டியையும் அவதான் சரி பண்ணியிருக்கா. நான் ஒரு கிறுக்கச்சி, மூட்டை தூக்குனதுலதான் சரியாச்சுன்னு நெனச்சிட்டேன்.” அம்மா சிரித்தாள், அழுதாள். “அடுத்த வருசம் பால்குடம் நீயேதான் எடுக்கணும் சிவா. போலீஸ்காரியானாலும் லீவு போட்டு வரணும்.”

“எடுக்குறேம்மா. நீ மொதல்ல போய்ச் சாப்பிடு,” என்றாள் சிவரஞ்சனி.