முதல் வெட்டு

மின் விநியோக அலுவலகத்தில் அவளை எல்லோரும் மேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரிலுள்ள ஒவ்வொரு கம்பமும், டிரான்ஸ்ஃபார்மரும், வீட்டு இணைப்பும் அவளுடைய கம்ப்யூட்டர் வரைபடத்தில் புள்ளியும் கோடுமாகக் கிடந்தன. எந்த வீட்டுக்கு எந்த லைனிலிருந்து கரண்ட் போகிறது என்று கேட்டால் உடனே காட்டிவிடுவாள்.

அந்தப் புள்ளிகளில் ஒன்று அவள் புருஷனின் ஐஸ்கிரீம் கடை. மாடியில் வீடு. கல்யாணமானதிலிருந்து அங்கேதான் குப்பை கொட்டினாள். ஒருநாள் அவன் வேறொருத்தியைக் கூட்டிவந்து நிறுத்திவிட்டு, இவள் பெட்டியைத் தெருவில் வைத்தான். மாமியார் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

கோடை வந்தது. இருக்கிற கரண்ட் ஊருக்குப் பத்தவில்லை. எந்த லைனை முதலில் நிறுத்துவது, எதைத் தொடவே கூடாது என்று பிரிக்கும் வேலை இவள் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரி லைனை யாரும் தொட முடியாது. அதே லைனில் ஒட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் கடைத் தெருவும் சொகுசாக இருந்தது. பார்த்ததும் இவளுக்கு வயிறு எரிந்தது.

தெருமுனைக் கம்பத்தில் ஒரு சுவிட்சைத் திறந்து அடுத்ததை மூடினால், அந்தத் தெரு மட்டும் பக்கத்து லைனுக்குப் போய்விடும். முதலில் வெட்டுப்படுவது அந்த லைன்தான். என்ஜினியரிடம் வரைபடத்தைக் காட்டினாள்.

"நல்ல யோசனைம்மா. ஆஸ்பத்திரி லைன்லயும் பளு குறையும். மாத்திடுங்க."

அவர் சொன்னது உண்மைதான். அது அவளுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

வெயில் மண்டையைப் பிளக்கிற நேரமாகப் பார்த்துக் கரண்ட் போனது. டப்பா டப்பாவாக ஐஸ்கிரீம் உருகிக் கடை வாசல் வரை வழிந்தது. வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரும் காலை வாரிவிட்டது. கடைசியில் அவனே அலுவலகத்துக்கு வந்தான். புகார் சொல்ல அவனை அனுப்பிய மேஜையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"நீயா? வேணும்னே பண்றியா?"

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். "இது ஆஸ்பத்திரி. இது உங்க கடை. எதை நிறுத்தணும்? சொல்லுங்க, அப்படியே எழுதி என்ஜினியர்கிட்ட குடுக்கறேன்."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான். "பழசையெல்லாம் இன்னும் மனசுல வச்சிக்கிட்டு..."

"ஆமா, வச்சிருக்கேன்," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு சத்தமாக, "அடுத்தவங்க வாங்க."

மறுநாள் அவன் எதிர்வீட்டுத் தையல்காரி வந்தாள். பெட்டியோடு தெருவில் நின்ற அன்று இவளை உள்ளே கூப்பிட்டுப் படுக்க இடம் கொடுத்தவள் அவள்தான். வரைபடத்தில் அவள் வீடும் இருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரிதான் இவள் சுவிட்சை மாற்றியிருந்தாள்.

"தையல் மிஷின் மோட்டார் ஓடலடி. காலால மிதிச்சு மிதிச்சு முட்டி விட்டுப்போச்சு."

இவள் கூனிக்குறுகிப் போனாள். "தப்புதான்க்கா. இன்னிக்கே பழையபடி மாத்திடறேன்."

"அட, யாரு மாத்தச் சொன்னா? உன் மாமியா புடவைத் தலைப்பால விசிறிக்கிட்டு வாசல்லயே கிடக்கா. அவ வாயடைச்சுப் போய் நான் பாத்ததே இல்ல. எனக்கு மட்டும் ஏதாவது வழி பண்ணு, போதும்."

தையல்காரி வீட்டுக்குப் பின்சந்தில் ஆஸ்பத்திரி லைனின் கம்பம் ஒன்று இருந்தது. அவளிடம் விண்ணப்பம் வாங்கி, அந்த ஓர் இணைப்பை மட்டும் அங்கே மாற்ற ஆள் அனுப்பினாள்.

எதிர்வீட்டில் ஃபேன் சுற்றுவதை அவன் வியர்த்து வடிந்தபடி பார்த்துக்கொண்டே நின்றானாம். கேள்விப்பட்ட அன்று அவளுக்குச் சோறு நன்றாக இறங்கியது.