எந்திரத்துக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று காலையில் முத்துத்தாய் அடுக்குமாடியின் முகப்புக் கூடத்துத் தரையை மாப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். கட்டடத்துக்கு ‘ஓஷன் கோர்ட்’ என்று பெயர். மதுரைக்கும் கடலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது; பெயர் வைக்கக் காசா பணமா? முன்பு இது பஞ்சாலை. ஆலையையும் தொழிலாளர் லைன் வீடுகளையும் இடித்துத்தான் இதைக் கட்டினார்கள். லைன்காரர்கள் விளாங்குடி, மேலூர் என்று சிதறிப்போக, துப்புரவு வேலையும் மோட்டார் ரூமை ஒட்டி ஓர் அறையும் கிடைத்ததென்று இவள் மட்டும் தங்கிவிட்டாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் சில நாள் மோட்டாரைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

கூடத்தின் நடுவே ஆலையின் பழைய நூற்பு எந்திரம் ஒன்றைக் கறுப்புப் பாலிஷ் போட்டு நிறுத்தியிருந்தார்கள். தாவணி போட்ட காலத்திலிருந்து அவள் நின்று அறுந்த இழை ஒட்டிய எந்திரம். ஆலை ஓடியபோது, ஆயுத பூஜைக்கு அவரவர் எந்திரத்துக்கு அவரவர்தான் பொட்டு வைக்க வேண்டும். அடுத்தவர் கை பட்டால் சண்டையே வரும். இன்று அது மூளியாக நிற்பதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்திச் சரத்தைச் சுற்றினாள். வெகுநாளைக்குப் பிறகு சொந்தக்காரர் யாரையோ பார்த்ததுபோல் இருந்தது.

“யாரு வச்சது?” மேனேஜர் சூரியபிரகாஷ் பதறிக்கொண்டு வந்தான்.

“நாந்தேன் தம்பி. எம் மிசினுல்ல!” என்றாள் சிரித்தபடி.

“ஒங்க மிசினா? ஷோ பீஸு அக்கா அது! அம்புட்டும் புதுப் பாலிஷ். கமிட்டி வாட்ஸ்அப் குரூப்புல என்னையக் கிழிக்கிறாங்க. வச்ச ஆள வேலைய விட்டு நிப்பாட்டச் சொல்லிட்டாங்க.”

“இந்தா, தொடச்சிர்றேன் தம்பி.”

“தொட்றாதீங்க, கோடு விழும். பாலிஷ்காரன் நாளைக்கு வாரான். ரூமக் காலி பண்ணிட்டுச் சாவியக் குடுங்க.”

“நா எங்கிட்டுப் போவேன்?”

அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அறையிலிருந்த சாமான்கள் ஒரே சாக்குக்குள் அடங்கிவிட்டன. சாவியைக் கொடுக்க அவள் திரும்பி வந்தபோது, பூஜைக்கு இறங்கியிருந்த குடும்பங்கள் பட்டும் நகையுமாக எந்திரத்தைச் சூழ்ந்து நின்றன.

“பொட்டும் பூவுமா செமயா இருக்குல்ல!” என்றாள் மூன்றாம் மாடி திவ்யா. முத்துத்தாயைக் கண்டதும் செல்போனை நீட்டினாள். “அக்கா, எங்க எல்லாரையும் சேத்து ஒரு போட்டோ எடுங்க.”

முத்துத்தாய் சாக்கைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கிப் பிடித்தாள்.

“எல்லாரும் தெரியிறோமாக்கா?”

“அம்புட்டுப் பேரும் தெரியிறீங்க” என்றாள்.