ஏழு மணி உப்பு

அந்த வீட்டில் உப்பு தங்கியதே இல்லை. சாயங்காலம் ஏழு மணி ஆனால் போதும், அடுப்படியிலிருந்து மாமியார் குரல் கொடுத்துவிடுவாள்: "ஏம்மா, உப்பு தீந்துபோச்சு. தையக்கார அக்கா வீட்டுல ஒரு கை வாங்கிட்டு வா." ஒருநாள் உப்பு, ஒருநாள் தீப்பெட்டி, ஒருநாள் ஊசி. இப்படியும் ஒரு குடித்தனமா என்று மருமகளுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவளுக்கு அதைவிட வேறென்ன வசதி வேண்டும்? தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டிய அவளுடைய கருத்தடை மாத்திரை, பக்கத்து வீட்டுத் தையல்காரியின் நூல்கண்டு டப்பாவில்தான் இருந்தது.

அங்கே ஒளித்துவைக்கச் சொன்னவள் கிராம நர்ஸ். பெண் குழந்தை பிறந்த தலைப்பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், போன உயிர் திரும்பி வந்தவள் இந்த மருமகள். மூன்று வருஷத்துக்குள் இன்னொன்று தங்கினால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். லாரி ஓட்டும் புருஷனுக்குச் சம்மதம்தான். ஆனால் அப்பா முன்னால் வாயைத் திறக்கமாட்டான், மகராசன். மாமனாருக்குப் பேரன் பைத்தியம். மாமியாரோ அதற்கும் ஒரு படி மேலே! நர்சின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே வாசலில் நின்று, "எங்களுக்குப் பேரன் வேணும், உன் மாத்திரையெல்லாம் வேற வீட்டுல போய்க் குடு!" என்று தெருவே கேட்க விரட்டுவாள்.

பத்து மாதம் ஒருநாள்கூடப் பிசகவில்லை. அன்றைக்கு மத்தியானம் பார்த்தால், தையல்காரி வீட்டில் பூட்டுத் தொங்கியது. மகளுக்கு வலி கண்டதென்று பஸ் ஏறிவிட்டாளாம், வர பத்து நாள் ஆகுமாம். நர்ஸ் வருவது அடுத்த வாரம். புருஷன் வீட்டுக்கு வந்ததோ அன்று காலையில்!

மணி ஏழு. இன்றைக்கென்று பார்த்து மாமியார் கூப்பிடவே இல்லை. ஏழே கால். நர்ஸ் வீடுவரை ஓடியாவது பார்க்கலாம் என்று அவளே அடுப்படிக்குப் போனாள்.

"அத்தை, உப்பு வாங்கிட்டு வரட்டுமா?"

"உப்புக்கு என்ன? இருக்கே." மாமியார் பரண் மேலிருந்து ஒரு தகர டப்பாவை இறக்கினாள். வாய்வரை உப்பு. பக்கத்தில் பிரிக்காத தீப்பெட்டிகள் வேறு. பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மாத்திரை அட்டை.

"தையக்காரி போறப்பவே எங்கிட்ட குடுத்துட்டுத்தான் போனா. இந்தா தண்ணி, மொதல்ல முழுங்கு."

மருமகள் முழுங்கிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப... நர்சை விரட்டுனது?"

"உன் மாமனார் காதுல விழ வேணாமா? நானும் அவ பக்கம்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணைத் தெருவுக்குள்ளயே விடமாட்டாரு. பக்கத்து வீட்டுல குடுக்கச் சொன்னதே நான்தான்டி."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்தை!"

"உங்கிட்டயா? மனசுல இருக்கறதெல்லாம் உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கும்!" மாமியார் உப்பு டப்பாவை மூடினாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில உன் துணியை அலசுனவ நான். அலச அலச ரத்தம். பேரன் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். நீ போயிட்டா நான் யாரைத் திட்டுவேன்?"

மருமகள் அவள் தோளில் சாய்ந்து அழுதேவிட்டாள்.

"அங்க என்ன குசுகுசுன்னு பேச்சு?" முன்னறையிலிருந்து மாமனார் அதட்டினார்.

மாமியார் வாயைத் திறப்பதற்குள் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குரல் கொடுத்தாள்:

"ஒண்ணுமில்ல மாமா, உப்பு தீந்துபோச்சு!"