திருத்தம் போட இடமில்லை

1.

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒரு முறை எழுதி, அச்சிலும் ஏற்றிவிட்டேன். அதில் இருந்தது பொய். தெரிந்து சொன்ன பொய் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஐந்து மாதம் ஓட்டினேன். இனி ஓட்ட முடியாது.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாடுகளுக்கு மிஷனரிகளை அனுப்பும் ஒரு சங்கத்தில் மாதப் பத்திரிகையைப் பார்த்துக்கொள்கிறவன் நான். அட்டையில் ஆசிரியர் என்று தலைவரின் பெயர் இருக்கும். எழுதுவது, பிழை பார்ப்பது, படத்துக்குக் கீழே ஆள் மாற்றிப் பெயர் போட்டுவிட்டுத் திட்டு வாங்குவது எல்லாம் நான்தான். சங்கத்துக்கு வருகிற விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து குழுவின் பார்வைக்கு வைப்பதும் என் தலையில்தான் விழும்.

தம்பதியாகப் போகிறவர்களுக்கு எங்கள் சங்கத்தில் இரண்டு படிவங்கள் உண்டு. கணவருடையது நாலு பக்கம்: அழைப்பு எப்போது வந்தது, எங்கே வந்தது, வந்தபின் வாழ்க்கையில் என்ன மாறியது. மனைவியுடையது அரைப் பக்கம். அதில் ஒரே ஒரு வாக்கியம் அச்சாகியிருக்கும்: "என் கணவருக்கு வந்த அழைப்புக்கு முழு மனதோடு உடன்படுகிறேன்." கீழே ஒரு கோடு. கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

ஒரு நாள் ஒரு டயாலிசிஸ் நர்ஸும் அவளுடைய கணவரான கணக்கு வாத்தியாரும் அனுப்பிய உறை வந்தது. நாலு பக்கத்தையும் அவள் நிரப்பியிருந்தாள். அரைப் பக்கத்தில் "கணவருக்கு" என்பதை அடித்து "மனைவிக்கு" என்று எழுதி, வாத்தியார் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் சிரித்தேன். பாவம், ஏதோ அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, நானே சரிசெய்து தட்டச்சு செய்தேன். அவளுடைய அழைப்பு அவருடைய பெயருக்குப் போயிற்று. டயாலிசிஸ் அறையில் கணக்கு வாத்தியாருக்கு என்ன வேலை என்று ஒரு கணம் இடித்தது. "நோயாளிகளைச் சந்திக்கச் சென்ற இடத்தில்" என்று நாலு வார்த்தை சேர்த்தேன். கச்சிதமாகப் பொருந்திவிட்டது. முப்பது வருஷ அனுபவம் சும்மாவா? அதையே அழகுபடுத்திப் பத்திரிகையிலும் போட்டேன்.*

(* அந்த இதழில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை என்று தலைவர் பாராட்டினார். அதையும் பதிவு செய்துவைக்கிறேன்.)

2.

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த ஆரம்பங்கள்:

"கடல் கடந்து போகும் கனவோடு அந்த இளம் தம்பதி—"

இல்லை. அவளுக்கு முப்பத்தொன்பது, அவருக்கு நாற்பத்திரண்டு. கனவும் இல்லை. அவர் வேலையை விட்டாயிற்று, வாடகை வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று, பீரோவை வாங்கிக்கொள்ள ஆள் வந்து அளந்துவிட்டுப் போயாயிற்று.

"கணவனின் நிழலாக நடந்த ஒரு பெண், ஒரு நாள்—"

இதை அவளிடம் படித்துக் காட்டினேன். "நான் எப்ப அண்ணா அவருக்கு நிழலா நடந்தேன்? அவருக்கு வழியே தெரியாது. நான் முன்னாடி போனாத்தான் வீடு வந்து சேருவோம்" என்றாள். அடித்துவிட்டேன்.

"அவளுக்கு ஒரு குரல் கேட்டது."

குரலும் கேட்கவில்லையாம். என்ன கேட்டது என்பதை அவள் நாலு பக்கத்தில் எழுதியிருந்தாள். நான் பிடுங்கிக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கும் இடம் இதுதான்.

3.

அவள் வேலை செய்யும் பிரிவில் பதினோரு கட்டில்கள், பதினோரு இயந்திரங்கள். ஆறாவது கட்டிலுக்கு வாரம் மூன்று நாள் ஒரு கப்பல் சமையல்காரர் வந்துகொண்டிருந்தார். கடலில் உடம்பு கெட்டு இந்தத் துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்டவர். அவருடைய மொழி இங்கே யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் அவருடைய ரத்தம் குழாய் வழியே போய்த் திரும்பி வரும். அதுவரை கூரையைப் பார்த்துப் படுத்திருப்பார்.

அவள் முதலில் கற்றுக்கொண்டது "வலிக்கிறதா?" என்ற கேள்வியை. பிறகு தண்ணீர், மகள், வீடு. ஏழு மாதத்தில் இருவரும் அரைகுறையாகப் பேசிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்கள். ஒரு நாள் அவள் முகமூடிக்குள் வாய் அசைவதைப் பார்த்து என்ன முணுமுணுக்கிறாய் என்று கேட்டார். ஜெபம் என்றாள். என் மொழியில் சொல் என்றார். அவளிடம் இருந்த வார்த்தைகள் நாற்பதோ ஐம்பதோ. அவற்றை வைத்துச் சொன்னாள்: ஐயா, இவருக்கு வலிக்கிறது. வீடு தூரம். ஐயா, நீர் பக்கம். அவர் அழுதார். எங்கள் ஊரில் இப்படிச் சொல்ல ஒருவரும் இல்லையே, நீ வந்தால் என்ன என்று கேட்டார்.

அவ்வளவுதான் அழைப்பு. பிறகு அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் மட்டும் அந்த மொழியை விடாமல் படித்தாள்.

(நான் நம்புகிறேனா? அவளிடமே கேட்டேன்: "ஒரு நோயாளி ஆதங்கத்துல சொன்னதை அழைப்புன்னு எப்படிம்மா எடுத்துக்கறது?" அவள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கூப்பிட்டாங்க. எனக்குன்னு தெரிஞ்சுது. உங்களை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டா, அத்தாட்சி வாங்கிட்டா திரும்பிப் பார்ப்பீங்க?")

4.

கணவரின் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். மனைவிக்கு வந்த அழைப்புக்காக அரசாங்கப் பள்ளி வேலையை விடுகிற ஆளை எந்த வாசகர் நம்புவார்? கையெழுத்துப் பிரதியைப் படித்த என் மனைவியே "இப்படி ஒருத்தர் இருந்தா எனக்கும் காட்டுங்க" என்றாள்.

நர்ஸிடம் முறையிட்டேன். "அவரைத் தேவதூதன் ஆக்கிடாதீங்க அண்ணா. ராஜினாமா கடிதம் குடுத்த அன்னைக்கு வீட்டுக்கு வந்து மூணு நாள் என்கூடப் பேசலை. நாலாவது நாள், அந்த ஊர்ல கணக்கை எப்படிச் சொல்லிக்குடுப்பாங்கன்னு கேட்டார். அதுதான் அவர் சம்மதம்" என்றாள். இதை எழுதியதும் ஆள் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் சங்கத்தில் ஒரு பயிற்சி உண்டு. போகிற இடத்தில் முதல் வருஷம் ஈ காக்காய் வராது; காலி நாற்காலிகளைப் பார்த்து மனசு விட்டுவிடக் கூடாது. அதனால் புறப்படுவதற்கு முன் ஆறு மாதம், வாரம் ஒரு நாள், சொந்த வீட்டிலேயே அந்த நாட்டு மொழியில் முழு ஆராதனை நடத்திப் பழக வேண்டும். அவர்கள் வீட்டுக் கூடத்தில் எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அவள் நின்று பிரசங்கம் செய்வாள். வாத்தியார்தான் மொத்த சபையும்.

"நான் இன்னைக்கு யாரு?" என்று மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டார்.

"சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்."

"எட்டிப் பார்க்க வந்தவன் இவ்வளவு நேரம் உட்கார மாட்டான்ம்மா."

"அப்ப பாதியில எழுந்து போங்க. நிறுத்தாம பேசறேனான்னு பார்க்கலாம்."

பாதியில் எழுந்து போனார். வேண்டுமென்றே நாற்காலியைத் தள்ளிவிட்டு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார். நடிப்புதான் என்று தெரிந்தும் அவளுக்கு வலித்தது. எட்டு காலி நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, மீதியை முழுவதும் பேசி முடித்தாள். கடைசிப் பகுதியில் அவர் திரும்பி வந்து ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது வேற ஆளு," என்றார். "வெளியில நின்னு கேட்டுட்டு உள்ள வந்தவன்."

5.

பத்திரிகை வெளியான பிறகு ஒரு சபையில் வாத்தியாரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறியதும் போதகர் என் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆறாவது கட்டிலருகே ஆண்டவர் உங்களோடு பேசினதை எங்களுக்குச் சொல்லுங்க" என்றார். வாத்தியார் ஒன்றும் புரியாமல் விழித்தார். கீழே முதல் வரிசையில் இருந்த அவளிடம் யாரோ இதழை நீட்டினார்கள். அவள் தன்னுடைய ஏழு மாதத்தை அவருடைய பெயரில் படித்தாள்.

மேடையில் அவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "இதுல வர்றது நான் இல்லைங்க. அவங்க அங்க உட்கார்ந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். தாழ்மை என்று நினைத்துச் சபையார் கைதட்டினார்கள்.

மறுநாளே அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "திருத்தம் போடுங்க அண்ணா" என்றாள்.

தலைவரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாவற்றையும் எல்லைக்கல் நட்டுப் பார்க்கிறவர். "பத்தாயிரம் பிரதி போயாச்சு. இப்ப மாத்திச் சொன்னா சங்கத்தையே நம்ப மாட்டாங்க. அடுத்த இதழ்ல திருத்தம் போட இடமில்லைன்னு சொல்லிடு" என்றார். அந்த இதழின் கடைசிப் பக்கத்தில் பாதி காலியாக இருந்தது. நான் அங்கே ஒரு பூச்செடி படம் போட்டேன்.

ஆமாம், போட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

6.

புறப்படும் முன் கடைசிக் கூட்டம். ஏழு பேர் கொண்ட குழு, நீளமான மேசை, சத்தம் போடும் மின்விசிறி. அவளுக்கு முன்னால் புதிதாகத் தட்டச்சு செய்த அரைப் பக்கம். (தட்டச்சு செய்தது யார் என்று கேட்காதீர்கள்.) அவள் கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதம் பயணம். போடாவிட்டால் இரண்டு வருஷ ஆயத்தமும் வீண்; சங்கம் அனுப்பாது.

"அம்மா, இது வெறும் நடைமுறை," என்றார் தலைவர். "அங்க போய் நீங்க பிரசங்கம் பண்ணுங்க, ஞானஸ்நானம் குடுங்க, யார் பார்க்கப் போறா? இங்க மட்டும் ஒரு கையெழுத்து. அழைப்பு யார் பேர்ல இருந்தா என்ன? மகிமை ஆண்டவருக்குத்தானே?"

"அப்படின்னா என் பேர்லயே இருக்கட்டும் ஐயா. மகிமை அப்பவும் அவருக்குத்தான் போகும்."

மேசையின் மறுமுனையில் ஒருவர் இருமினார்.

"வைராக்கியம் பாராட்டாதீங்க. ஒரு வரி."

"அந்த ஊர்ல போய் முதல்ல சொல்லப் போறதே பொய் சொல்லாதீங்கன்னுதான் ஐயா. இங்க ஒரு பொய்யை எழுதிக்குடுத்துட்டு அதைச் சொல்லப் போகணுமா?" அவள் காகிதத்தை மேசையின் நடுவுக்குத் தள்ளினாள். "நான் போடமாட்டேன்."

தலைவர் வாத்தியாரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. உங்களுக்குக் கொஞ்சமாவது அழைப்பு இருந்திருக்கும் இல்ல?"

வாத்தியார் யோசித்துத்தான் பதில் சொன்னார். "என்னை யாரும் கூப்பிட்ட மாதிரி இல்லை ஐயா. ஆனா அவளைக் கூப்பிட்டது எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

ஓட்டுக்கு விட்டார்கள். அனுப்பலாம் என்று மூன்று கை, கூடாது என்று மூன்று கை. தலைவர் மட்டும் கை தூக்கவில்லை. ஜெபத்தோடு யோசித்து மாதக் கடைசியில் சொல்கிறேன் என்று கூட்டத்தைக் கலைத்தார்.

இதை நான் எழுதும்போது மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

7.

ஆக, முடிவு என் கையில் இல்லை. கதைக்காரனுக்கு அதெல்லாம் ஒரு தடையா? மூன்று முடிவுகள் தயார் செய்தேன்.

முதல் முடிவு: தலைவர் மனம் மாறுகிறார். அர்ப்பணிப்பு ஆராதனையில் கண் கலங்கி, நாலு பக்கப் படிவத்தை அவளிடமே—

(எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷமாக அவரோடு வேலை பார்க்கிறேன்.)

இரண்டாம் முடிவு: அவள் கையெழுத்துப் போடுகிறாள். அந்நிய நாட்டில் ஒரு சின்னக் கூடம். வாத்தியார் மனப்பாடம் செய்த பிரசங்கத்தைத் திக்கித் திக்கிச் சொல்கிறார். அவள் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து உதடு அசைக்கிறாள். இலக்கியக்காரர்கள் மெச்சக்கூடிய முடிவு, சோகம் அளவோடு இருக்கிறது. அவளிடம் காட்டினேன். பென்சிலால் குறுக்கே எழுதினாள்: "இது யார்? எனக்குத் தெரியாதவங்க."

மூன்றாவது முடிவைப் பற்றி எனக்குப் பெருமையாகவே இருந்தது. தலைவர் போடாத அந்த ஏழாவது ஓட்டை உங்களிடம் கொடுப்பது. "வாசகரே, மேசையில் ஒரு நாற்காலி காலி. உட்காருங்கள். அவளை அனுப்பலாம் என்றால் கை தூக்குங்கள்" என்று முடித்திருந்தேன். நிச்சயம் தூக்குவீர்கள் என்ற நம்பிக்கையும் இருந்தது. உங்களில் சிலர் இப்போதே தூக்கியிருப்பீர்கள்.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். மதிய இடைவேளை. பிரிவுக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தாள்.

"இவங்கல்லாம் யாரு அண்ணா, இந்த வாசகருங்க?"

"தெரியாதும்மா. யாரா வேணும்னாலும் இருக்கலாம். உனக்கு ஆதரவாத்தான் கை தூக்குவாங்க."

"தூக்கலைன்னா?"

காகிதத்தை வாங்கக் கை நீட்டினேன்.

"தூக்கலைன்னா நான் போகாம இருந்துடுவேனா?" அவள் குரல் உயரவில்லை. ஆனால் கோபம் இருந்தது, நியாயமான கோபம். "ஏழு பேர் உட்கார்ந்து கை தூக்கினதே போதும் அண்ணா. நீங்க இன்னும் ஊரைக் கூட்டறீங்க. நல்ல மனசோடதான் கூட்டறீங்க, அது தெரியுது. ஆனா என்னை யார் கூப்பிட்டாங்களோ அவங்க ஓட்டெடுத்துக் கூப்பிடலை."

"மாசக் கடைசியில தலைவர் மாட்டேன்னுட்டா என்ன பண்ணுவ?"

"அந்த ஊர்ல ரெண்டு ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்கேன். டயாலிசிஸ் நர்ஸ் எல்லா ஊர்லயும் வேணும். அவரும் பள்ளிக்கூடங்களுக்கு எழுதிட்டிருக்கார். சங்கம் அனுப்பினா சங்கத்தோட போவோம். அனுப்பலைன்னா வேலைக்குப் போவோம், லீவு நாள்ல நாற்காலி போடுவோம். கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்." எழுந்து காகிதத்தை என்னிடம் கொடுத்தாள். "இதை மட்டும் மாத்திடுங்க."

உள்ளே ஏதோ ஒரு இயந்திரம் கூவியது. கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மாற்றிவிட்டேன். ஆகவே, வாசகரே, தயவுசெய்து கையை இறக்குங்கள். அவள் உங்களைக் கேட்கவில்லை.