ஒரே ஒரு பாலம் கட்டிய அமைச்சகம்

எங்கள் ஊர் வெர்போவாவில் ரயில் பாதைக்கு மேலே நடைபாலம் கேட்டோம். கீழே தண்டவாளம் ஓடுகிறது, ஆகவே அது போக்குவரத்து என்றது கட்டட அமைச்சகம். இரண்டு பக்கமும் படிக்கட்டு வருகிறது, ஆகவே அது கட்டடம் என்றது போக்குவரத்து அமைச்சகம். இரண்டுமே எங்களை அன்போடு அடுத்தவரிடம் அனுப்பிவைத்தன.

பாதைக்கு அந்தப்புறம் செவெரினாவின் பேக்கரி. நிலக்கரி வண்டிகளுக்காக ரயில்வே கேட் மூடியே கிடக்கும். நின்று அலுத்தவர்கள் இந்தப்புறமே ரொட்டி வாங்கப் பழகிவிட்டார்கள். பாலம் வராவிட்டால் ஈஸ்டரோடு கடையை மூடுவதாக அவள் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் தலைநகர் வார்சாவில் புது ஆட்சி வந்து இரண்டு அமைச்சகங்களையும் இணைத்தது. 'பாதைகள் மற்றும் கட்டடங்கள் அமைச்சகம்' என்று போர்டு மாட்டினார்கள். ஒரே மந்திரி, ஒரே மாளிகை. இடது பக்கம் போக்குவரத்து, வலது பக்கம் கட்டடம். தனித்தனி லிஃப்ட், தனித்தனி கெட்டில். எங்கள் பாலம் முன்பு தபாலில் அலைந்தது, இப்போது தாழ்வாரத்தில் அலைந்தது. முன்னேற்றம்தான்.

பிப்ரவரியில் கூட்டணி உடைந்தது. மாதக் கடைசியில் அமைச்சகம் மறுபடி இரண்டாகும் என்று ரேடியோ சொன்னது.

செவெரினா ரேடியோவை அணைத்தாள். "பிரியறதுக்குள்ள ஒருதரமாவது ரெண்டு பேரையும் சேர்த்து உட்கார வைக்கிறேன்."

அந்த வாரம் கொழுத்த வியாழன் வந்தது. நோன்புக்கு முந்தைய அந்த வியாழனன்று டோனட் தின்னாதவனுக்கு வருஷம் முழுக்க விளங்காது. அரசு ஊழியர்களுக்கும் விலக்கில்லை. செவெரினா ஊர் வேனில் வார்சா போனாள். ஓட்டையில்லாத எங்கள் டோனட்டுகளை இடது பக்கம் கொடுத்தாள். அவற்றுக்குள் வைக்கவேண்டிய ரோஜா ஜாமை வலது பக்கம் கொடுத்தாள். நடுத் தாழ்வாரத்தில் காத்திருந்தாள்.

போக்குவரத்து டைரக்டர் யாரோஷ் கடித்த டோனட்டோடு வெளியே வந்தார். "என்னம்மா இது, உள்ள ஒண்ணுமே இல்ல!"

எதிரிலிருந்து கட்டட டைரக்டர் ஸ்கீபா ஸ்பூனோடு வந்தார். "எனக்கு வெறும் ஜாம்! நக்கிட்டே இருக்கவா?"

"நான் என்ன பண்ணட்டும், டைரக்டர் ஐயா? மாவு இவங்க டிபார்ட்மென்ட், ஜாம் உங்க டிபார்ட்மென்ட். நானா கலந்துட்டா நாளைக்கு மேலிடத்துல கேள்வி வராதா?"

தாழ்வாரமே சிரித்தது. யாரோஷ் அவளைப் பார்த்தார். "நீ வெர்போவாவா?"

"வெர்போவாவேதான்."

"யோவ் ஸ்கீபா, உன் படிக்கட்டு எங்கிட்ட எத்தனை நாளாக் கெடக்குது தெரியுமா?"

"உன் தண்டவாளம் மட்டும் எங்கிட்ட ஓடிட்டா இருக்கு? டோனட்டைத் தள்ளு, பேனாவக் குடு."

அங்கே கிடந்த பெஞ்சிலேயே இருவரும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். பாலத்துக்கான அனுமதித் தாளில் கொஞ்சம் சர்க்கரை ஒட்டியிருந்தது. சட்டப்படி அதில் தவறில்லை. சொன்ன தேதியில் அமைச்சகம் பிரிந்தது. பாலம் வரும் என்ற நம்பிக்கையில் ஈஸ்டருக்குப் பிறகும் கடை திறந்தே இருந்தது.

இலையுதிர் காலத்தில் பாலம் எழுந்தது. உச்சிவரை கட்டியதும், எங்கள் வழக்கப்படி வேலையாட்கள் அங்கே பச்சை மாலை கட்டினார்கள். பாலம் முழுக்கத் தங்களுடையதே என்று இரண்டு அமைச்சகங்களும் இப்போது வாதாடுகின்றன.

திறப்பு விழாவன்று சரியாக ஒரு நிலக்கரி வண்டி வந்தது. கேட் விழுந்தது. ஊரே வண்டியின் தலைக்கு மேலே நடந்து போனது. கேட் திறப்பதற்குள் செவெரினாவின் கடையில் ரொட்டி தீர்ந்துவிட்டது.