மேஜரின் துக்கம்

வாயோரத்திலிருந்து ஒரு நூல் இறங்குகிறது, கண்ணாடியை உருக்கி இழுத்தது மாதிரி, அறாமல், நுனியில் ஒரு துளியோடு, அதை வரையத்தான் ஞானாபரணத்துக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் போயிற்று, மூச்சை அடக்கி, மெல்லிய தூரிகையில் வெள்ளையைத் தொட்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, பிசகினால் துடைத்துவிட்டு மறுபடியும், ஆனால் இப்போது அவர் படுத்திருப்பது குன்னூர் வீட்டுக் கட்டிலில், எதிர்ச் சுவரில் படம் எதுவும் இல்லை, அந்தப் படம் எஸ்டேட் பங்களாவின் கூடத்தில் இருக்கிறது, இருந்தும் நூல் மட்டும் கண்ணெதிரே தொங்குகிறது, வெளியே மழை, தகரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தொண்டைக்குள் யாரோ முடிச்சுப் போடுகிறார்கள், என்னங்க, காப்பி ஆறி அவலாப் போச்சே, இன்னும் குடிக்கலையா என்று ரூபி சமையலறையிலிருந்து கேட்கிறாள், குடிக்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுக்கிறார், டம்ளரைப் பார்த்ததும் முகம் தானாகத் திரும்பிக்கொள்கிறது.

பங்களாக் கூடத்தில் பழைய இங்கிலீஷ் படங்கள் வரிசையாகத் தொங்கும், வெள்ளைக்காரன் போகும்போது தூக்கிக்கொண்டு போக முடியாமல் விட்டுப் போனவை, குதிரைகள், வேட்டை நாய்கள், கொம்பு விரித்த மான்கள், முதல் நாள் அவற்றைப் பார்த்ததும் ஞானாபரணம் வந்த வேலையையே மறந்து நின்றுவிட்டார், எஸ்டேட் முதலாளி பெரிய துரையின் சம்சாரம் விசாலம் அம்மாள் பின்னால் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை, மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் வாத்தியார் சொன்னது காதில் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சீமையில் ஒருத்தன் செத்த குதிரையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, தோலை உரித்து, சதையை அடுக்கடுக்காகப் பிரித்து, நாற்றத்துக்கு நடுவே மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தானாம், அவனுக்குப் பின்னால் வந்தவன் அதே சுத்தமான எலும்புக்கும் சதைக்கும் மேலே மனுஷக் கண்ணை வைத்தானாம், நாய் அழுதது, குதிரை ஏங்கியது, சீமாட்டிகள் கைக்குட்டையை எடுத்தார்கள், முதலாமவனைப் படியுங்கடா, இரண்டாமவனிடம் ஜாக்கிரதையா இருங்கடா என்பார் வாத்தியார், ஞானாபரணம் இரண்டு பேரையும் சேர்த்தே விழுங்கினவர், தொட்டுப் பார்க்காத எதையும் வரைய மாட்டார், மாட்டின் முட்டியை, ஆட்டின் விலாவை, எதையும், கல்யாணமான புதிதில் ரூபியின் தோளைத் தடவிப் பார்த்து, அடடா, என்ன அருமையான எலும்பு என்று சொல்லி, ஒரு வாரம் அவளை முகம் கொடுத்துப் பேசாமல் இருக்க வைத்த ஆள்.

துரையின் நாற்காலிக்குக் கீழே மேஜர் உட்கார்ந்திருக்கிறது, அவருடைய கறுப்பு லாப்ரடார் நாய், துரை போய்க் காரியங்கள் எல்லாம் முடிந்துவிட்டன, நாற்காலி மேல் அவருடைய தொப்பி அப்படியே இருக்கிறது, நாய் எழுந்திருக்கவில்லை, அவரு போனதுல இருந்தே ஒரு மாதிரிதான், ரெண்டு நாளா சோறு தண்ணி இறங்கல சார், வாயத் தொறந்தபடியே உக்காந்திருக்கு, ஏக்கம் இதக் கொண்டு போயிரும், அதுக்குள்ள வரஞ்சு குடுத்துருங்க என்று சொல்லும்போதே விசாலம் அம்மாளுக்குக் குரல் உடைகிறது, பெத்த பிள்ளைங்க கருமாதி முடிஞ்ச கையோட கார் ஏறிட்டாங்க, இது ஒண்ணுதான் அவருக்காக உருகுது, அந்தக் கண்ணப் பாருங்க, ஞானாபரணமும் பார்த்தார், சுவரில் இருந்த அத்தனை இங்கிலீஷ் நாய்களின் துக்கமும் இந்த ஒரு கண்ணில் வந்து இறங்கியிருந்தது, அம்மாள் உள்ளே போனதும் கையை நீட்டினார், கை சும்மா இருந்தால்தானே, தலை எலும்பைத் தடவி, கன்னத்துச் சதையை அழுத்தி, தொங்கிய தாடையைப் பிடித்துத் தூக்கி, வாய்க்குள் விரலை விட்டு, பல் எங்கே முளைக்கிறது, நாக்கு எங்கே மடிகிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, நாய் முரண்டு பிடிக்கவே இல்லை, தாடையைத் தூக்கினால் தூக்கின இடம், விட்டால் விட்ட இடம், இப்படி ஒரு நாய் எந்த ஓவியனுக்குக் கிடைக்கும் என்று மனுஷருக்கு உள்ளூரச் சந்தோஷம், தினமும் தொட்டார், தினமும் வரைந்தார், தூரிகை கழுவும் டர்பன்டைனில் வெடித்த விரல்களில் எச்சில் பட்டு எரிந்தது, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கண்ணை மூடினால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மேஜர் ஓடுகிறது, பின்னால் துரை, துரைக்குத் தலையில் தொப்பி இல்லை, என் தொப்பிய எங்க வெச்சீங்க ஆர்ட்டிஸ்ட் என்கிறார், செடிக்குள்ளிருந்து ஒரு நரி தள்ளாடி வருகிறது, பட்டப்பகலில், மனுஷர் பயம் இல்லாமல், மேஜரின் காதைக் கவ்வுகிறது, இதெல்லாம் அவர் பார்த்ததில்லை, கேட்டதுதான், துரை படுக்கையில் விழுந்த சமயத்தில் நடந்தது, வீட்டில் இருந்த கலவரத்தில் நாயின் வருஷ ஊசியையும் மறந்தார்கள், நரிக்கடியையும் மறந்தார்கள், காதில் ஆறின வடு மட்டும் இருந்தது, அதையும் ஞானாபரணம் விடாமல் வரைந்திருந்தார், இருக்கிறதை வரையாமல் விடுவது அவர் ஜாதகத்திலேயே இல்லை.

படம் முடிகிற அன்றைக்கே மேஜர் செத்துப்போனது, துரையின் சமாதிக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள், படத்தைத் திறந்து வைத்த நாளில் கூடம் முழுக்க எஸ்டேட்காரர்கள், ஆளுக்கு ஆள் மூக்கை உறிஞ்சினார்கள், மனுஷனுக்கு இல்லாத விசுவாசம் பாருங்க என்றார்கள், ஞானாபரணத்துக்குக் கால் தரையில் பாவவில்லை, ஆயுசு முழுக்கக் காலண்டருக்கும் கடைப் பலகைக்கும் வரைந்த கை, இன்றைக்குத்தான் அந்தச் சீமைக்காரர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தது, கூட்டம் கலைகிற நேரத்துக்குக் கால்நடை டாக்டர் ஷகிலா வந்தாள், குன்னூருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவள், படத்துக்குக் கிட்டே போனாள், இன்னும் கிட்டே போனாள், காது வடுவைப் பார்த்தாள், தாடையைப் பார்த்தாள், அந்த நூலைப் பார்த்தாள், இந்த நாய் இப்ப எங்கம்மா, செத்துப் போச்சு டாக்டர், அவரு ஏக்கத்துலயே என்றாள் விசாலம் அம்மாள், இல்லம்மா, இது ஏக்கம் இல்ல, வெறிநோய், தாடை நரம்பு செத்தாத்தான் கீழ் உதடு இப்படித் தொங்கும், தொண்டை அடைச்சாத்தான் எச்சில் இப்படி வழியும், வெறின்னா ஓடி ஓடிக் கடிக்கிறது மட்டும் இல்லம்மா, ஊமையா உக்காந்தே சாகிற வெறியும் உண்டு, என்று சொல்லிவிட்டு ஞானாபரணத்தின் பக்கம் திரும்பி, சார், நீங்க இவ்வளவு துல்லியமா வரையலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது என்றாள், அவர் வாழ்க்கையில் கேட்ட பாராட்டிலேயே ஆகப் பெரியது அதுதான்.

விசாலம் அம்மாள் தொப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள், அப்ப அது அவருக்காக அழலையா டாக்டர், டாக்டர் சீட்டும் பேனாவும் எடுத்தாள், எச்சில் பட்டவங்க எல்லாரும் இன்னைக்கே ஊசி போட்டாகணும், நீங்க, சமையக்காரம்மா, குளிப்பாட்டினவங்க என்றாள், அப்போது ஞானாபரணம்தான் முந்திக்கொண்டு, அது அழுதுச்சும்மா, நான் கிட்ட இருந்து பாத்தவன் என்றார், கிட்டன்னா, தொட்டீங்களா சார் என்றாள் டாக்டர், அந்த இடத்தில்தான், அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான், தொட்டேன் என்றால் என்ன தெரிந்தது என்று கேட்பாள், தாடையில் உயிரே இல்லை, போட்ட இடத்தில் கிடந்தது என்று சொல்ல வேண்டும், சொன்னால் நாயின் துக்கத்துக்கு எதிராக அவரே சாட்சி, படம் அங்கேயே செத்துப்போகும், விசாலம் அம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், இல்ல டாக்டர், நாற்காலி போட்டு எட்ட உக்காந்துதான் வரஞ்சேன், சொல்லிவிட்டார், கடிக்கவே இல்லையே என்று மனசு சமாதானம் சொன்னது, திரும்பி வரும்போது பஸ் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்றது, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று இருந்துவிட்டார், நாளைக்கு ரூபிக்குத் துணையாகச் சர்ச்சுக்குப் போக வேண்டியிருந்தது, அதற்கடுத்த நாளும் ஏதோ ஒன்று.

விரலில்தான் முதலில் எறும்பு ஊர்ந்தது, நாயின் வாய்க்குள் போன அதே விரலில், பிறகு முழங்கை, பிறகு காய்ச்சல், இப்போது இந்த மழை, கூடத்தில் ரூபி போனில் மகளிடம் பேசுகிறாள், அப்பாவுக்கு ஒண்ணும் இல்லடி, அந்த நாயி செத்ததுல இருந்தே மனுஷன் இடிஞ்சு போயிட்டாரு, சோறு தண்ணி இறங்கல, ஏக்கந்தான், ஞானாபரணத்துக்குச் சிரிப்பு வரப் பார்க்கிறது, சிரிப்புத் தொண்டையில் மாட்டி இழுக்கிறது, கட்டிலுக்கு எதிரே பீரோக் கண்ணாடி, அதற்குள் மேஜர் உட்கார்ந்திருக்கிறது, தொங்கின வாய், வாயோரத்திலிருந்து இறங்குகிற நூல், நல்ல இழுப்பு, ஒரே இழுப்பு என்று நினைக்கிறார், அப்புறம்தான் அது மேஜர் இல்லை என்று தெரிகிறது.

ரூபி உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்காருகிறாள், டம்ளர் நிறைய இருப்பதைப் பார்க்கிறாள், அவர் முகத்தைப் பார்க்கிறாள், ஐயோ, எதுக்குங்க இப்படி அழுறீங்க, அது வெறும் நாயி, என்று சொல்லிக்கொண்டே வழிவதைத் துடைக்க வெறும் கையை நீட்டுகிறாள், பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வெடித்துப்போன விரல்கள், அவர் அந்தக் கையைப் பார்க்கிறார், எத்தனை வருஷம் பிடித்த கை, ஒவ்வொரு எலும்பும் தெரியும், உடம்பில் மிச்சம் இருந்த எல்லாவற்றையும் கூட்டிச் சுவரோடு ஒண்டிக்கொண்டு, தொடாதே என்கிறார், தொடாதே ரூபி, எட்டப் போ, மேஜருக்கு வந்தது எனக்கு வந்திருக்கு, அதுக்கு ஏக்கம் இல்ல, வெறி, நான் அது வாய்க்குள்ள கைய விட்டேன், அந்த டாக்டரம்மாவக் கூப்பிடு, எச்சில் பட்ட துணி, டம்ளர் எல்லாம் சொல்லு, நீ முதல்ல ஊசி போட்டுக்கோ, ரூபியின் கை நீட்டினது நீட்டினபடியே நிற்கிறது, பிறகு மெதுவாக மடங்கி அவள் மடிக்கு வருகிறது, அவள் எழுந்து ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு வாயைப் பொத்திக்கொள்கிறாள், மழை கொட்டுகிறது, கண்ணாடியில் அந்த நூல் அறாமல் தொங்குகிறது, அதற்கு மேலே இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருக்கின்றன, இந்த முறை அவற்றில் இருப்பது துக்கம்தான், வரையத்தான் ஆள் இல்லை.